இரும்புக் கத்திக்கு இரட்டைக் கல் போதும்

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டிக்குப் புறப்படும் மின்ரயில் திருவொற்றியூர் வழியாகத்தான் போகிறது. கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் ஆலை இருக்கும் ஊர் அது. முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து 1954இல் தொடங்கிய கம்பெனி. சாணைச் சக்கரம், உப்புத்தாள், தீட்டுக்கல் என்று தேய்க்கிற சாமான்கள்தான் அதன் ஆதித் தொழில். தடத்தின் கடைசியில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இருக்கின்றன. ஒரு பக்கம் கல், இன்னொரு பக்கம் இரும்பு. ஆனால் நடுவில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று எந்த ஊர் வீட்டில் கேட்டாலும் தீட்டுக்கல் என்று தனியாக ஒன்று இருப்பது அபூர்வம். வாசற்படியிலோ துவைக்கிற கல்லிலோ இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். எவர்சில்வர் கத்தியின் காலத்தில் இது பெரிதாக உறுத்தவில்லை. இப்போது இரும்பு தோசைக்கல்லும் இரும்புச் சட்டியும் அடுப்புக்குத் திரும்பியதைப் போல இரும்புக் கத்தியும் திரும்பி வருகிறது. வாங்கியவர்கள் அடுத்து கேட்கும் கேள்வி, எந்தக் கல் வாங்குவது என்பது. அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஜப்பானிய வழக்கத்திலிருந்து வருகிறது: 1000 எண் கல் ஒன்று, அதற்கு மேல் 3000, 6000 என்று ஒரு செட். நம் ஊர்க் கொல்லுப்பட்டறைக் கத்தி வைத்திருப்பவருக்கு இந்தப் பதில் பொருந்தாது என்பதே என் கட்சி. அவருக்கு முதல் கல், ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒருபுறம் கரடும் மறுபுறம் நைஸுமான கார்பரண்டம் கல்தான். கையில் காசு குறைவாக இருப்பதால் சொல்லும் சமாதானம் இல்லை இது. அந்தக் கத்திக்கு அதுதான் சரி.

கல்லைப் பற்றிப் பேசும் முன் கத்தி எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் லாரி லாரியாக ஏற்றப்படும் முறுக்குக் கம்பியில் கத்தி செய்ய முடியாது. கட்டடக் கம்பிக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 1786, பரவலாகப் புழங்கும் 500 ரகத்துக்குக் கார்பன் 0.30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. வளைக்கவும் பற்றவைக்கவும் வேண்டிய கம்பிக்கு அது நியாயம். கத்திக்கோ ஏறக்குறைய 0.6 சதவீதமாவது கார்பன் வேண்டும். அப்போதுதான் பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்க்கும்போது இரும்பு இறுகும். அதனால்தான் கொல்லர்கள் புதுக் கம்பியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. காயலான் கடைக்குப் போய் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வாங்கி வருகிறார்கள். கார்பனும் சிலிக்கானோ குரோமியமோ கொஞ்சமும் சேர்ந்த அந்தப் பட்டை, பாரம் தாங்கித் தாங்கி நிமிர்வதற்கென்றே செய்தது. தோய்த்தால் நன்றாக இறுகும். திருப்பாச்சேத்தி அரிவாளில் தொடங்கி ஊர்ச் சந்தையில் சாக்கு விரித்து விற்கும் வெட்டுக்கத்தி வரை இந்த வம்சம்தான். தொழிற்பேட்டைகளில் இன்னொரு வம்சமும் உண்டு. பவர் ஆக்சா பிளேடு தேய்ந்துபோனால் அதைச் சாணையில் தேய்த்து, மரப்பிடி போட்டு, கத்தியாக்கி வீட்டுக்குக் கொண்டு போவார்கள். அது வேறு சாதி எஃகு. அதைப் பற்றிப் பிறகு.

பட்டறையிலிருந்து வரும் கத்தியின் வாயைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், ஜப்பானிய யோசனை ஏன் பொருந்தாது என்று தெரிந்துவிடும். சுத்தியல் அடித்த அலகு முதுகில் தடித்து, வாய்ப்பக்கம் மெலிந்து வந்தாலும், கடைசி ஒரு மில்லிமீட்டரில் இன்னும் சதை இருக்கும். கொல்லர் அரத்தாலோ சக்கரத்தாலோ இரண்டு பக்கமும் சீவிக் கொடுத்திருப்பார். கோடுகள் கண்ணுக்கே தெரியும், ஒரு பக்கச் சாய்வு மறுபக்கத்தோடு ஒத்திருக்காது. வெளிச்சத்தில் வாயை நேராகப் பிடித்தால் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு மின்னும். கூர் இருந்தால் அந்தக் கோடு தெரியாது. ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அங்கே ஒரு தட்டையான இடம் இருக்கிறது என்றுதான் பொருள். அந்தத் தட்டை 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் 20 பாகைச் சாய்வில் தீட்டி அதை இல்லாமல் செய்ய, வாயின் ஓரத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்துக்கு இரும்பு போக வேண்டும், அதுவும் அலகின் முழு நீளத்துக்கும். ஜப்பானிய முறையில் 1000 எண் என்பது சராசரியாக 12 மைக்ரான் அளவுத் துகள், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். 120 எண் கரட்டுக் கல்லின் துகள் சுமார் 100 மைக்ரான். சின்னத் துகளால் இவ்வளவு இரும்பைக் கரைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். கை ஓய்ந்தவர், கல் சரியில்லை அல்லது தனக்கு வரவில்லை என்று முடிவு கட்டி, கல்லை அலமாரியில் ஏற்றிவிடுவார். வாங்கிய கற்கள் பல வீடுகளில் சும்மா கிடப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

ஜப்பானியர் தவறாகச் சொல்கிறார்கள் என்பதல்ல. அவர்கள் சொல்வது அவர்கள் கத்திக்கு. அங்கே கார்பன் எஃகுக் கத்தி ராக்வெல் அளவில் 60ஐத் தாண்டி இறுகியிருக்கும். அலகு மிக மெல்லிசு. கடையை விட்டு வரும்போதே இரு பக்கமும் சீராகத் தீட்டி வரும். அத்தகைய கத்தி மழுங்கினால், போயிருப்பது கூரின் நுனி மட்டுமே. 1000 எண் கல்லில் சில நிமிடம் தேய்த்தால் திரும்பிவிடும். அதன் இறுகிய வாய் 6000 எண் மெருகையும் நாள்கணக்கில் தாங்கும். நம் பட்டறைக் கத்தி பொதுவாக 50க்கும் 55க்கும் நடுவில் நிற்கும். கொல்லர் வேண்டுமென்றேதான் அப்படி விடுகிறார். தேங்காய் உடைக்கவும் எலும்பு வெட்டவும் அதே கத்திதானே, ரொம்ப இறுகினால் வாய் தெறித்துவிடும். இந்த அளவு மென்மையான வாயில் 6000 எண் கல்லில் ஏற்றிய மெருகு இரண்டு வேளைச் சமையலுக்குக் கூடத் தாங்காது. சில ஆயிரம் ரூபாய் செட்டில் பாதிக்கு மேல் அவருக்கு வேலையே இல்லை.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் வாங்குபவரைக் குழப்புவதில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. 1000 என்று போட்ட பொருள் மூன்று வகையில் கிடைக்கிறது. ஜப்பானியக் கணக்கில் 12 மைக்ரான் அளவு. ஐரோப்பிய முறைப்படி கல்லுக்கும் சக்கரத்துக்குமான எஃப் வரிசையில் 1000 என்றால் நாலரை மைக்ரான். அதே ஐரோப்பிய முறையில் தாளுக்கான பி வரிசையில் 1000 என்றால் 18 மைக்ரான். பெயின்ட் கடையில் வாங்கும் 1000 எண் வாட்டர் பேப்பரைவிட எஃப் வரிசைக் கல் நான்கு மடங்கு நைஸ்! நம் கடைகளில் கிடைக்கும் இரட்டைக் கற்கள் பலவற்றில் கரடு, நைஸ் என்பதற்கு மேல் ஒன்றும் அச்சிட்டிருக்காது. நைஸ் என்கிற பக்கம் பொதுவாக 240க்கும் 320க்கும் இடையே இருக்கும். அதாவது 45இலிருந்து 30 மைக்ரான். தயாரிப்பாளர்கள் அட்டைப்பெட்டியில் எண்ணோடு மைக்ரானையும் அச்சிட்டால், எந்தக் கணக்கு என்ற வம்பே இருக்காது. தரக்குறிப்பு எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயமாக்கலாம். ஒரு ரூபாய் செலவில்லாத காரியம்.

தொழிற்பேட்டையில் கிரைண்டிங் வேலை பார்க்கிற எவரும் இந்த இடத்தில் குறுக்கே வருவார். கார்பரண்டம் என்பது சிலிக்கான் கார்பைடு. எஃகைத் தேய்க்க அதைப் போடவே கூடாது, அலுமினியம் ஆக்சைடுதான் போட வேண்டும், சக்கரம் வாங்கும்போதே இதைப் பார்த்துத்தானே வாங்குகிறோம் என்பார். பட்டறை விதி என்ற அளவில் அவர் சொல்வது முழுக்கச் சரி. சிலிக்கான் கார்பைடில் இருக்கும் கார்பனை, பழுக்கச் சூடேறிய இரும்பு இழுத்துக்கொள்ளும். துகளின் முனை கரைந்து சக்கரம் சீக்கிரம் மழுங்கும். அதனால் எஃகுக்கு அலுமினியம் ஆக்சைடும், வார்ப்பிரும்புக்கும் பித்தளைக்கும் கல்லுக்கும் சிலிக்கான் கார்பைடும் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த விதியின் உயிர், சூட்டில் இருக்கிறது. 150 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றினால் அதன் ஓரம் வினாடிக்கு 22 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. தண்ணீர் தெளித்த கல்லில் கையால் தள்ளும் கத்தி வினாடிக்கு அரை மீட்டர் போனாலே பெரிது. அங்கே அந்த வேதிவினைக்கு வேண்டிய சூடு எழுவதே இல்லை. மிஞ்சுவது கடினத்தன்மை மட்டும்; அதில் கார்பரண்டம் ஒரு படி மேல். 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடேற்றிச் செயற்கை வைரம் செய்யப் பார்த்தபோது கிடைத்த பொருள் அது. விக்கர்ஸ் அளவில் சுமார் 2,500. அலுமினியம் ஆக்சைடு 2,000 சுமாருக்கு. சாதா கார்பன் எஃகில் இருக்கும் மிகக் கடினமான துணுக்கு இரும்புக் கார்பைடு, அது 1,000 சுமார். ஆகவே இரண்டு கல்லுமே இரும்புக் கத்தியை அனாயாசமாக அறுக்கும். வைரப்பொடி ஒட்டிய தகடு வேண்டும் என்ற பேச்சும் இதே கணக்கில் அடிபட்டுப்போகிறது. வனேடியம் சேர்ந்த எஃகில் சுமார் 2,800 அளவில் துணுக்குகள் இருப்பதால் அங்கே வைரத்துக்கு வேலை உண்டு. ஆக்சா பிளேடு கத்தி சில சமயம் வனேடியம் சேர்ந்த ஹை ஸ்பீடு எஃகு வகையைச் சேர்ந்ததாக இருக்கும். சாதாக் கல்லில் அது முரண்டு பிடித்தால் கல்லைக் குறை சொல்ல வேண்டாம்.

சரி, எதற்கு இந்தப் பாடு, சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுமே என்பது அடுத்த ஆட்சேபம். ஞாயமானதுதான். ஆனால் இரும்புக் கத்தியின் பதம் எங்கே போகிறது என்று தெரிந்தால் யோசிப்பீர்கள். தோய்த்து இறுக்கிய எஃகை மறுபடி இருநூறு, இருநூற்றைம்பது பாகை சென்டிகிரேடுக்குச் சூடேற்றி ஆறவிட்டு, தெறிக்காத பதத்துக்குக் கொண்டு வருகிறார் கொல்லர். அந்தச் சூட்டைத் தாண்டி அது மீண்டும் சூடானால் மென்மையாகிவிடும். வேகமாகச் சுற்றும் மின்சாணையில் வறட்டுத்தனமாக அழுத்தினால், வாயின் மெல்லிய ஓரம் கண்ணிமைக்கும் நேரத்தில் முந்நூறைத் தொடும். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். நீலம் படிந்த இடத்தில் பதம் போய்விட்டது. அன்றைக்குக் கத்தி கூராகத்தான் இருக்கும். நாலு நாளில் மழுங்கும். மறுபடி சாணை, மறுபடி நீலம். ஒவ்வொரு தடவையும் அலகு குறைகிறது. கத்தியே மட்டம் என்று பழி வரும். சைக்கிளில் பெடல் மிதித்துச் சுற்றும் பழைய சாணையில் இந்த ஆபத்து குறைவு, வேகம் குறைவு என்பதால். ஹை ஸ்பீடு ஆக்சா பிளேடு கத்திக்கு ஆபத்தே இல்லை எனலாம்; ஐந்நூறு பாகைக்கு மேல் போனாலும் அது கலங்காது. ஆக, மின்சாணையால் நஷ்டப்படுவது குறிப்பாக இரும்புக் கத்திதான். அதை வாங்கும்போதே ஒரு கல்லும் சேர்த்து வாங்குவது செலவுக் கணக்கில் பார்த்தாலும் லாபம்.

கல்லில் தீட்டுவதில் கற்க வேண்டியது உண்மையில் ஒன்றே ஒன்று: பிசிறு. கத்தியின் ஒரு பக்கத்தை ஒரே சாய்வில் தேய்த்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் இரும்பு வாயைத் தாண்டி மறுபக்கம் மெல்லிய நூலாக மடியும். கண்ணுக்குத் தெரியாது. பெருவிரல் சதையை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்கு வெளியே தடவி எடுத்தால் நகத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு சொரசொரப்பு தட்டும். அது அடியிலிருந்து நுனி வரை விட்டுப்போகாமல் தட்டினால், அந்தப் பக்கத்து வேலை முடிந்தது. தட்டாத இடத்தில் தேய்ப்பு போய்ச் சேரவில்லை. பிறகு கத்தியைத் திருப்பி அடுத்த பக்கம். இத்தனை தடவை தேய்க்க வேண்டும் என்று எண்ணிக்கை சொல்பவர்களை நம்ப வேண்டாம். பிசிறு சொல்வதுதான் கணக்கு. 1000 எண் கல்லில் இந்தப் பிசிறு எழ நேரமாகும், எழுந்தாலும் பழகாத விரலுக்குப் பிடிபடாத அளவு மெல்லிசாக இருக்கும். கரட்டுப் பக்கத்தில் சட்டென்று எழும், விரலுக்கு முரட்டுத்தனமாகவே தெரியும். கற்றுக்கொள்பவருக்கு முதல் கல்லாக இரட்டைக் கல்லைச் சொல்வதற்கு எல்லாவற்றிலும் வலுவான காரணம் இது. சாய்வும் அப்படித்தான். 4 சென்டிமீட்டர் அகல அலகின் முதுகு கல்லிலிருந்து 14 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு விரல் பருமன், உயர்ந்திருந்தால் அது 20 பாகை. விரலை ஒருமுறை அண்டக் கொடுத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். கரட்டுப் பக்கத்தில் வெள்ளைக் கோடு மறைந்து பிசிறு எழும் வரை. நைஸ் பக்கத்தில் கரட்டுக் கோடுகள் மறையும் வரை. கடைசியில் அழுத்தாமல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் சில இழுப்பு. மிஞ்சிய பிசிறு, தட்டையான பலகைமேல் மடித்துப் போட்ட செய்தித்தாளில் வாயைப் பின்னோக்கி இழுத்தால் உதிரும். அதற்கென்று தோல்வார் வாங்க வேண்டியதில்லை.

30 மைக்ரானில் நிறுத்தினால் வாய் சொரசொரப்பாக அல்லவா இருக்கும் என்று கேட்கலாம். இருக்கும். அது குறை அல்ல. தக்காளித் தோல், குடைமிளகாய், முருங்கைக்காய், மீன் தோல், கோழித் தோல் இவற்றையெல்லாம் நுண்ணிய பல் உள்ள வாய்தான் கவ்வி அறுக்கும். பளபளவென்று மெருகேற்றிய மென்மையான எஃகு தக்காளிமேல் வழுக்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பழவேற்காட்டு ஏரி மீனைச் சந்தையில் ஆய்ந்து கொடுக்கிற பெண்களுக்கு நாளெல்லாம் செதிலும் தோலும்தான். அவர்களுடைய அலகின் வாய்க்கு மெருகு தேவைப்படுவதே இல்லை. மெருகு வாய்க்கு வேலை, அழுத்தி நறுக்கும் இடத்தில்: வெங்காயத்தைப் பொடியாக அரிவது, இஞ்சியைச் சீவுவது, எலும்பில்லாத மீனை மெல்லிய துண்டு போடுவது. அந்த ஆசை வரட்டும், அப்போது இரண்டாவது கல் வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பெண்கள் மீன் ஆய்வது கத்தியில் அல்ல, அரிவாள்மனையில் என்பதையும் மறக்கக் கூடாது. தீட்டுவதைப் பற்றிய எழுத்தெல்லாம் கல் கீழே, கத்தி மேலே என்ற ஏற்பாட்டை மட்டுமே பேசுகிறது. வங்காளத்திலும் ஒடிசாவிலும்கூட அரிவாள்மனை மாதிரிக் கருவிதான் அடுக்களையில் காலங்காலமாக இருந்திருக்கிறது. சிப்காட்டில் வேலைக்கு வந்திருக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கு நம் அரிவாள்மனை புதுசாகத் தெரியாது. மனையில் அறைந்த, வளைந்த அலகைக் கல்லின்மேல் வைக்க முடியாது; கல்தான் அலகிடம் போக வேண்டும். அதற்கும் விலையுயர்ந்த ஜப்பானியத் தண்ணீர்க்கல் ஆகாது. ரொம்ப மென்மையான பிணைப்பு உள்ள கல், வளைவில் வைத்துத் தேய்த்தால் பள்ளம் விழும். இறுக்கமான கார்பரண்டம் கல்லைத் தண்ணீரில் நனைத்து, கையில் பிடித்து, ஓரத்தால் வளைவின் உட்பக்கம் தேய்க்கலாம். இரண்டு முனையும் குறுகிய படகு வடிவக் கல்லும் கடைகளில் உண்டு, அரிவாளுக்கென்றே. பிடிக்கும் விரல் கல்லின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இதில் மட்டும் அவசரம் உதவாது.

கடையில் என்ன பார்ப்பது? நீளம் எட்டு அங்குலம், அகலம் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். சட்டைப்பையில் போடும் சின்னக் கல்லில் எட்டு அங்குலக் கத்தியைச் சாய்வு மாறாமல் இழுப்பது பழகியவர்களுக்கே கஷ்டம். எஃகு ஸ்கேலின் விளிம்பைக் கல்லின் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பள்ளம் இருப்பது தெரியும். சாணைச் சக்கரத்தைப் பூட்டும் முன் லேசாகத் தட்டி ஓசை கேட்பது பட்டறை வழக்கம். உள்ளே விரிசல் இருந்தால் கணீரென்று கேட்காது, பொத்தென்று அடங்கும். கல்லையும் விரல் நுனியில் தொங்கவிட்டாற்போல் பிடித்துத் தட்டிப் பார்க்கலாம். நைஸ் பக்கத்தை நகத்தால் கீறினால் துகள் உதிரக் கூடாது. தயாரித்தவர் பெயர் இல்லாத கல்லை, எத்தனை மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுவது நல்லது. கரட்டுத் துகள் நைஸ் பக்கத்தில் கலந்திருந்தால் தீட்டிய வாயில் ஆழக் கோடு விழுந்துகொண்டே இருக்கும், காரணம் கடைசி வரை புரியாது. எண்ணெயா தண்ணீரா என்ற சர்ச்சைக்கு இந்தக் கல்லில் இடமில்லை, தண்ணீர் போதும். தேங்காய் எண்ணெய் விட்டால் இரும்புத் தூளோடு சேர்ந்து கல்லின் கண் அடைபட்டு, பிசுக்கேறிவிடும். நாளாக நாளாகக் கல்லின் நடு பள்ளமாகும். பள்ளக் கல்லில் கத்தியின் வாய் உருண்டுபோகும். கடப்பாக் கல்லின்மேல் கரட்டு வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, அதில் தீட்டுக்கல்லையே தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் ஆயிரங்கள் கொடுத்து வாங்கிய கல்லுக்கும் இதே விதிதான், அது மென்மையானது என்பதால் இன்னும் சீக்கிரமாகவே.

துவைக்கிற கல்லும் அம்மியும் என்ன பாவம் செய்தன என்று கேட்பவர்களுக்கு: கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது, மோஸ் அளவில் 7, அது கத்தியைக் கொஞ்சம் அறுக்கும். ஆனால் அதன் பெரும்பகுதி ஃபெல்ஸ்பார், 6 அளவு. இறுகிய எஃகைவிட அது கடினம் இல்லை. துகள்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கின்றன. தேய்க்கும்போது வாய் ஓரிடத்தில் அறுபட்டு, ஓரிடத்தில் வழுக்கி, ஓரிடத்தில் நொறுங்குகிறது. இரண்டு வேளைக்குச் சமாளிக்கலாம். பிளாஸ்டிக் கருவியின் இடுக்கில் கத்தியை விட்டு இழுப்பது அதைவிட மோசம் என்பேன். உள்ளே இருக்கும் கார்பைடுத் தகடுகள் வாயைத் தீட்டுவதில்லை, சீவி எறிகின்றன. சாய்வும் அவை வைத்ததே சட்டம். 50, 55 அளவு மென்மையான இரும்புக் கத்தியை மாதத்துக்கு நாலு தடவை அதில் இழுத்தால் அலகு கண்கூடாகத் தேயும்.

இவ்வளவு தொல்லைக்கு எவர்சில்வர் கத்தியே மேல், துருவும் பிடிக்காது என்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது, அதிலும் எண்ணூரில் இருந்து பழவேற்காடு வரை உப்புக்காற்று வீசும் இந்தப் பகுதியில். இரும்புக் கத்தியை ஈரத்தோடு தொட்டியில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் செம்மை பூத்திருக்கும். எலுமிச்சை, புளி, வெங்காயம் பட்டால் கறுக்கும். கழுவித் துடைத்து, ராத்திரியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் இல்லாத வீட்டுக்கு எவர்சில்வரே தோது. அவர்களைப் பழிக்க ஒன்றும் இல்லை. ஆனால் கூர் என்று வந்துவிட்டால் கதை வேறு. மலிவான எவர்சில்வர் கத்தியில் எழும் பிசிறு, பசை போல இப்படியும் அப்படியும் மடியுமே தவிர எளிதில் உதிராது. தீட்டத் தெரிந்தவருக்கே பொறுமை போகும். இரும்பில் அது சுத்தமாக உதிர்ந்துவிடும். கற்றுக்கொள்பவர் முதல் நாளே தாளை அறுத்துப் பார்த்துச் சந்தோஷப்படக்கூடிய கத்தி இரும்புக் கத்தி மட்டுமே. கூர் அதிகமானால் கையை வெட்டிக்கொள்வோம் என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம்: மழுங்கிய கத்தியைத்தான் அழுத்துகிறோம், அழுத்தும்போதுதான் அது காயிலிருந்து வழுக்கி விரலுக்கு வருகிறது.

1000 எண் கல்லை எப்போது வாங்குவது என்பது பாக்கி. இரட்டைக் கல்லில் அடிமுதல் நுனிவரை ஒரே பிசிறு எழுப்ப வந்துவிட்டது, கத்தியின் வாயில் வெள்ளைக் கோடு தெரிவது நின்றுவிட்டது, சாய்வு இரு பக்கமும் ஒத்து வந்துவிட்டது என்றால் அப்போது அந்தக் கல்லுக்கு வேலை வந்துவிட்டது. பட்டறைச் சதையெல்லாம் ஏற்கெனவே கரட்டுக் கல்லில் போய்விட்டதால், இனி மாதம் ஒருமுறை 1000 எண் கல்லில் சில நிமிடம் தேய்த்தால் போதும். கரட்டுப் பக்கம் எப்போதாவதுதான் தேவைப்படும். ஜப்பானிலேயே செய்த மெல்லிய கத்தியைத்தான் முதலில் வாங்கினேன் என்பவர் மட்டும் வரிசையை மாற்றி 1000இலிருந்து தொடங்கலாம், அந்தக் கத்தியைக் கரட்டுக் கல் பக்கமே கொண்டுபோகாமல். சாணை பிடிக்கிறவருக்கும் இதனால் பிழைப்பு போய்விடாது. கத்தரிக்கோல் வீட்டுக் கல்லில் சரிப்படாது, வாய் உடைந்த வெட்டுக்கத்தியைக் கையால் தேய்த்து மீட்பது பெரும்பாடு, மண்வெட்டியும் கோடாலியும் அவரிடம்தான் போக வேண்டும். இரும்புக் கத்தியைக் கொடுக்க நேர்ந்தால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் அலகை முக்கி எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காகப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் கொடுத்துவிடலாம்.